அந்த ‘ம்’ எங்கே போயிற்று?

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாகப் படித்துவருகிறேன். எழுதுவது இதுவே முதல்முறை. போன வாரம் என் மகளை உட்காரவைத்துப் பழைய கருவிகளின் ஒலிகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்காட்டினேன். சுழற்றும் டயல் திரும்பிவரும் சத்தம், தொலைபேசிக் கம்பி வழியே கணினியை இணையத்தோடு இணைத்த டயல்-அப் மோடத்தின் கூச்சல், தட்டச்சுப்பொறியின் மணி, கேசட் ஓடி முடிந்ததும் வரும் ‘டக்’. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளோ, “எல்லாம் ரிப்பேரான மிஷின் சத்தம் மாதிரியே இருக்குப்பா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த ஒலிகளில் இருந்த உயிர் இன்றைய கருவிகளில் ஏன் இல்லை? இல்லை, இது என் வயதின் மயக்கம்தானா?

இன்னொன்று. மறைந்த என் அத்தை கதை சொல்லிப் பதிவான கேசட்டுகள் சில என்னிடம் உள்ளன. அவற்றைக் கணினிக்கு மாற்றி, இரைச்சலை நீக்கும் ஏஐ மென்பொருளில் கொடுத்தேன். தெள்ளத்தெளிவாக வந்திருக்கிறது. ஆனால் கேட்டால் அத்தை மாதிரியே இல்லை. என்ன செய்யலாம்? வினைல் தட்டில்தான் உண்மையான ஒலி என்கிறார்களே, அது சரியா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். வினைலா டிஜிட்டலா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. வினைல் தட்டை வெட்டும்போதே கீழ்ஸ்தாயி ஒலிகளைக் குறைத்துத்தான் வெட்டுவார்கள். இல்லையென்றால் பள்ளம் அகலமாக ஆடி, பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும். குறைத்ததை, நாம் கேட்கும்போது ஆம்ப்ளிஃபையர் திரும்பக் கூட்டித் தருகிறது. இதையெல்லாம் தாண்டி வந்த ஒலியை ‘கைபடாத ஒலி’ என்று சொல்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

அடுத்தது, உங்கள் மகள் சொன்னதே சரி. மோடத்தின் சத்தம் அழகானதல்ல. அன்றைக்கும் வீட்டில் யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் அதன்மேல் தலையணையை வைத்து அமுக்கியவர்கள்தான் நாமெல்லாம். இப்போது கண் கலங்குகிறது என்றால் அது உங்கள் இளமைக்காகக் கலங்குகிறது. அதைப் போய் ஒரு குழந்தை ரசிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். அவளை விட்டுவிடுங்கள்.

ஆனால் நீங்கள் ‘உயிர்’ என்று எதையோ சொல்ல வந்தீர்கள். அந்தச் சொல்லை நான் நம்புவதில்லை. அது இருக்கும் இடத்தில் ‘வேலை’ என்று போட்டுப் பாருங்கள், விஷயம் தெரிந்துவிடும். டயலைச் சுழற்றி விரலை எடுத்தபிறகு அது திரும்பிவரும்போதுதான் எண் போகிறது, வினாடிக்குப் பத்துத் துடிப்பு வீதம். பூஜ்யத்துக்கு முழுதாக ஒரு வினாடி. நீங்கள் கேட்டது அந்தத் துடிப்பைத்தான். மோடம் முதலில் இழுத்த அந்த ஒற்றை ஓசை 2100 ஹெர்ட்ஸ். வழியில் எதிரொலியை அடக்குவதற்காக வைத்திருக்கும் சாதனங்களிடம், ‘கொஞ்சம் ஒதுங்கிக்கொள்’ என்று சொல்லும் கட்டளை அது. அப்புறம் வந்த கரகரப்பெல்லாம், இந்தக் கம்பி எவ்வளவு தாங்கும் என்று இரண்டு பக்கமும் சோதித்துக்கொண்ட சத்தம். மறுமுனையில் மோடத்துக்குப் பதில் ஏதோ ஒரு மனிதர் எடுத்து ‘ஹலோ’ என்றால் நமக்குக் கேட்க வேண்டும் என்றுதான் உள்ளே ஸ்பீக்கர் வைத்தார்கள். இணைப்பு கிடைத்ததும் அது வாயை மூடிக்கொள்ளும். இன்று இணைப்பு ஒட்டாது என்பதைப் பாதிச் சத்தத்திலேயே சொல்லிவிடுகிறவர்கள் இருந்தார்கள். உங்களுக்கு அது செய்தி, உங்கள் மகளுக்கு வெறும் கூச்சல். வித்தியாசம் அவ்வளவுதான்.

தந்தியிலேயே இது ஆரம்பித்துவிட்டது. மோர்ஸின் கருவி காகித நாடாவில் குறிகளைப் பதிப்பதற்காகச் செய்யப்பட்டது. அதை இயக்கியவர்களோ கொஞ்ச நாளில் காகிதத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். கருவியின் ‘டக் டக்’கைக் கேட்டே எழுதிக்கொண்டார்கள். பிறகு காகிதமே இல்லாமல், அந்த ‘டக் டக்’கை மட்டும் எழுப்புவதற்கென்றே கருவி வந்தது. அனுப்புகிறவர் யார் என்பதைக்கூடத் தட்டும் தோரணையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களாம். செல்போனிலும் அப்படி ஒன்று இருந்தது. மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் பக்கத்தில் இருக்கும் ரேடியோ ‘டிடிட் டிடிட்’ என்று உறுமும். அந்தக் கால ஜிஎஸ்எம் போன் வினாடிக்குச் சுமார் 217 முறை விட்டுவிட்டு அலைகளை அனுப்பியதன் விளைவு அது. யாரும் இசையமைத்ததல்ல. இன்றைக்கு விசைப்பலகையே இல்லாத திரையில் தட்டினால் ‘டிக்’ என்கிறது, ஷட்டரே இல்லாத கேமரா ‘க்ளிக்’ என்கிறது. இவை வேலையின் சத்தங்கள் அல்ல, நம்மைத் திருப்திப்படுத்துவதற்காகச் சேர்த்த சத்தங்கள். இருந்துவிட்டுப் போகட்டும், இவற்றோடு எனக்குப் பகையில்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறு ஒன்று. போனில் எதிர்ப்பக்கம் பேசாமல் இருக்கும்போது கேட்கும் சத்தம்.

பழைய கம்பிப் போனில் மௌனம் என்று ஒன்று கிடையாது. வாய்ப்பகுதியில் இருந்த கரித்துகள்கள் சதா முணுமுணுக்கும், கம்பி இரையும், நாம் பேசுவது நம் காதிலேயே கொஞ்சம் கேட்கும். இந்தக் கடைசி விஷயத்தைப் பொறியாளர்கள் அளந்து வைத்தார்கள். நம் குரல் நமக்கு அதிகமாகக் கேட்டால் மெல்லப் பேச ஆரம்பிப்போம், கேட்கவே இல்லையென்றால் கத்துவோம். செல்போன் வந்ததும் கணக்கு மாறியது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். சும்மா இருப்பவரின் போன் எதற்காக அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்? மின்கலமும் மிச்சம், அலைவரிசையும் மிச்சம் என்று அனுப்புவதை நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தினால் மறுமுனையில் சுத்தமான மௌனம். மனிதனால் அதைத் தாங்க முடிவதில்லை, ‘ஹலோ, ஹலோ’ என்று கத்துகிறான். ஆகவே கேட்பவரின் போனே ஒரு மெல்லிய இரைச்சலை உற்பத்தி செய்து காதில் விடுகிறது. ‘கம்ஃபர்ட் நாய்ஸ்’ என்று அதற்குப் பெயரே இருக்கிறது. எதிர்முனை அவ்வப்போது, ‘என் பக்கத்து இரைச்சல் ஏறக்குறைய இந்த மாதிரி’ என்று குறிப்பு மட்டும் அனுப்பும். அதைப் பார்த்து இங்கே சமைத்துக்கொள்ளும்.

பொய்தான். ஆனால் மரியாதையான பொய், அதை நான் மன்னித்துவிட்டேன். மன்னிக்க முடியாதது அதற்குப் பிறகு வந்தது. எது பேச்சு, எது இரைச்சல் என்று மென்பொருள் தீர்மானிக்க ஆரம்பித்ததைச் சொல்கிறேன். அந்தத் தீர்ப்பில் முதலில் செத்தது ‘ம்’.

ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்பவர் ‘ம்’ கொட்டுகிறார் இல்லையா, அதைச் சொல்கிறேன். ‘ம்’, ‘ம்ம்’, ‘ஆங்’, ‘அட’, ‘அப்புறம்’. இது பதில் இல்லை, குறுக்கீடும் இல்லை. பேசுகிறவருக்குச் சாய்ந்துகொள்ளக் கிடைத்த சுவர். சுவர் இல்லாமல் நீளமாகப் பேச யாராலும் முடியாது. கதை சொல்லவே முடியாது.

கம்பிப் போனில் இரண்டு திசையும் எப்போதும் திறந்திருந்தன. நான் பேசப் பேச உங்கள் ‘ம்’ வந்து சேர்ந்துவிடும். இத்தனைக்கும் அந்தப் போன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தியது. வாயை மூடிக்கொண்டு சொல்லும் ‘ம்’மின் பலமெல்லாம் அந்த 300-ஐ ஒட்டியும் அதற்குக் கீழேயும்தான் இருக்கிறது. அப்படி இடுப்பொடிந்து வந்த ‘ம்’மையும் நம் காது நிமிர்த்தி எடுத்துக்கொண்டது. இப்போது 50 ஹெர்ட்ஸில் தொடங்கி 7000 வரை கடத்தும் துல்லியக் குரல் சேவை வந்துவிட்டது. ‘ம்’ முழு உடம்போடு வர வழி கிடைத்துவிட்டது. வருகிறதா? ஸ்பீக்கரில் போட்டால், எதிரொலி வரக்கூடாது என்று கருவி ஒரு பக்கத்தை அமுக்கிவிடுகிறது. ஒன்று உங்கள் ‘ம்’ காணாமல் போகும், அல்லது என் வார்த்தை பாதியில் அறுபடும். காணொளிக் கூட்டத்தில், குட்டையாக, தாழ்வாக, வாய் திறக்காமல் வரும் ஒலியை மென்பொருள் மின்விசிறியின் இரைச்சலோடு சேர்த்துத் துடைத்துப் போட்டுவிடுகிறது. தப்பித்து வந்தாலும் தாமதம். ஒரு வழிக்கு 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பெரும்பாலும் பேச்சு கெடாது, 400-ஐத் தாண்டக்கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. தாமதமாக வரும் ‘ம்’ அடுத்த வாக்கியத்தின் தலையில் விழுகிறது. பேசுகிறவர் நின்று, ‘ஏதாவது சொன்னீங்களா?’ என்கிறார். ‘இல்ல இல்ல, நீங்க சொல்லுங்க’ என்கிறோம். அதோடு ‘ம்’ கொட்டுவதையே நிறுத்திக்கொள்கிறோம். நல்லொழுக்கம் என்று சொல்லி எல்லோரும் மியூட்டில் உட்கார்ந்திருக்கிறோம்.

என் பெரியப்பா போனில் பேசவே மாட்டார், ‘ம்’ மட்டும்தான். ஆனால் அதில் எத்தனை வகை! மேலே ஏறும் ‘ம்’ என்றால் மேலே சொல். தட்டையாக விழுந்தால் நம்பவில்லை. நீண்டு மூக்கில் முடிந்தால், ‘உன் அம்மாவுக்கு இது தெரியுமா?’ நான் மூச்சுவிடாமல் பேசுவேன், அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் என்னைத் திட்டி முடித்திருப்பார். காது மந்தமானபிறகு செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். அன்றோடு அவருடைய ‘ம்’ எனக்கு வந்து சேரவில்லை. இரண்டு வாக்கியத்துக்கு ஒருதரம், “பெரியப்பா, இருக்கீங்களா?” என்று கேட்பேன். “இருக்கேன்டா, எங்க போயிடப்போறேன்” என்று எரிந்துவிழுவார். கொட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறார் பாவம். மேஜைக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

இப்போது உங்கள் அத்தைக்கு வருகிறேன்.

அவர் கதை சொல்கிறார். யாரிடம்? சுவரைப் பார்த்து ஒருவரும் கதை சொல்வதில்லை. எதிரில் யாரோ உட்கார்ந்து ‘ம்’ கொட்டியிருக்க வேண்டும். மைக் அத்தையின் பக்கம் இருந்திருக்கும், ஆகவே அந்த ‘ம்’ தூரத்தில், மங்கலாக விழுந்திருக்கும். உங்கள் ஏஐ அதை இரைச்சல் என்று தின்றுவிட்டது என்பது என் சந்தேகம். அத்தை மாதிரி இல்லை என்கிறீர்களே, கேட்க ஆளில்லாமல் தனியாகப் பேசுகிற அத்தையை நீங்கள் பார்த்ததே இல்லை, அதனால்தான். அந்த ‘ம்’ உங்களுடையதாகவே இருக்கவும் வாய்ப்புண்டு. மூலப் பதிவைக் காதொலிப்பானில் போட்டுக் கேளுங்கள்.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அத்தை பேச்சை நிறுத்தும் இடங்களில் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சல் மெல்ல ஏறும். சின்ன ரெக்கார்டர்கள் பலவற்றில் ஒலியின் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு உண்டு. பேச்சு நின்றதும் அது காதைத் தீட்டிக்கொள்ளும். மூச்சு, வளையல், நாற்காலியின் முனகல் என்று அறை முழுக்க மேலே எழுந்துவரும். அவர் வாயைத் திறந்ததும் எல்லாம் கீழே போய்விடும். சில இடங்களில் ஒரு சொல் வருவதற்கு முன்பே அதே சொல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல மெலிதாகக் கேட்கும். சுருளில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றிலும் லேசாகப் பதிந்துவிடுவதால் வருவது அது, வருடக்கணக்காக ஒரே இடத்தில் கிடந்த நாடாவில் நன்றாகவே கேட்கும். ‘ஸ்ஸ்ஸ்’ஸுக்கே நாடாதான் காரணம். 1963-ல் வந்த இந்தக் கேசட்டின் நாடா 4 மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை, வினாடிக்கு ஐந்து சென்டிமீட்டரைக்கூடத் தொடாமல் ஊர்கிறது. முதலில் பேச்சைப் பதிய வைக்கத்தானே செய்தார்கள்.

ரெக்கார்டர் மின்சாரத்தில் ஓடியிருந்தால் அடியில் ஒரு ‘ம்ம்ம்’ ரீங்காரமும் இருக்கலாம், 50 ஹெர்ட்ஸ், சில நாடுகளில் 60. மென்பொருள் முதலில் தேடிப்போய் அழிப்பது அதைத்தான். அழிக்காதீர்கள். 50-ல் இருக்க வேண்டிய ரீங்காரம் 52-ல் கேட்டால் நாடா நான்கு சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். அத்தையின் குரல் கீச்சென்று கேட்டால் அது ஏன் என்பதற்கும், எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

எட்வார்-லியோன் ஸ்காட் தெ மார்த்தன்வில் என்ற பிரெஞ்சுக்காரர், எடிசனுக்கு 20 வருடம் முன்பு, 1857-ல் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். புகைபடிந்த காகிதத்தில் குரலைக் கோடாக வரையும் கருவி. திரும்பக் கேட்பதற்காக அவர் அதைச் செய்யவில்லை, கண்ணால் பார்ப்பதற்குத்தான். 1860-ல் ஒரு நாட்டுப்பாடலின் வரியை அப்படி வரைந்தார். அதை 2008-ல் ஆய்வாளர்கள் ஒலியாக மாற்றினார்கள். ஒரு சிறுமி பாடுவது போல் இருந்தது. மறு வருடம் கணக்கைத் திருத்தி வேகத்தைப் பாதியாக்கினால் ஆண் குரல், அநேகமாக ஸ்காட்டேதான். கையால் சுற்றிய கருவியின் தள்ளாட்டத்தை அவர்களால் எப்படிச் சரிசெய்ய முடிந்தது என்றால், குரலுக்குப் பக்கத்திலேயே, எப்போதும் ஒரே சீராக அதிரும் ஓர் இசைக்கவையின் அதிர்வையும் அவர் வரைந்துவைத்திருந்தார். குரலுக்குச் சம்பந்தமே இல்லாத கோடு. உங்கள் மென்பொருளிடம் கொடுத்திருந்தால் முதல் வேலையாக அதைத் துடைத்திருக்கும்.

என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். கேசட்டை நல்ல டெக்கில் போட்டு, நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, அதன் சாய்வை ஒழுங்குபடுத்தும் சின்னத் திருகைக் குரல் பளிச்சென்று கேட்கும்வரை திருப்பி, மறுபடி மாற்றுங்கள். 24 பிட் தரத்தில், சுருக்காத கோப்பாக. அதில் எதையும் தொடாதீர்கள். உங்கள் ஏஐ விளையாட்டையெல்லாம் அதன் பிரதியில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியாகிவிட்டதே என்று கேசட்டைத் தூக்கிப் போடும் எண்ணம் இருந்தால் எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம்.

அப்புறம், கேசட்டின் முதுகில் இரண்டு மூலையிலும் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்குமே, உடைத்துவிட்டீர்களா? அது இருக்கும்வரை அதன்மேல் யார் வேண்டுமானாலும் மறுபதிவு செய்யலாம். வீட்டில் டெக்கைக் கண்டால் ஆர்வமாக எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்க்கும் வயதில் ஒருத்தி இருக்கிறாள். முதலில் எழுந்துபோய் அதை உடைத்துவிட்டு வாருங்கள்.