நிலத்தில் கல்மரம் கிடைத்தால் நிலம் போய்விடுமா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் பட்டா நிலம். உழும்போது மரம் மாதிரி ஒரு கல் தட்டுப்பட்டது. "அரசுக்குத் தெரிந்தால் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள், கல்லை எனக்குத் தந்துவிடுங்கள்" என்கிறார் ஒரு புரோக்கர். என்ன செய்யலாம்?

பதில்: நிலம் போகாது. அரசு நிலம் எடுப்பதென்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறிவிக்கை வர வேண்டும், இழப்பீடு தர வேண்டும். ஒரு கல் கிடைத்ததற்காகப் பட்டா ரத்தாகாது. அடிமாட்டு விலைக்குக் கல்லை வாங்கத்தான் இந்தப் பயமுறுத்தல்.

அது கல்மரம்தானா என்று ஓர் ஓரத்தில் ஆணியால் கீறிப் பாருங்கள். கல்லில் கீறல் விழாது, ஆணியின் இரும்புதான் கோடாக ஒட்டும். மரத்துக்குள் சிலிக்கா (மணலில் இருக்கும் கனிமம்) ஏறி இறுகியதால் வந்த உறுதி அது.

ஆனால் நகர்த்தாதீர்கள். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்த மரங்கள் இவை. பூங்காவில் கிடப்பவற்றுக்குக் கிளையும் இல்லை, வேரும் இல்லை; வெள்ளத்தில் உருண்டு வந்ததற்கு அதுவே சாட்சி. மரங்கள் எந்தப் பக்கம் நீட்டிக் கிடக்கின்றன என்பதை வைத்துத்தான் ஆறு ஓடிய திசையைக் கணிக்கிறோம். பொக்லைன் விட்டுப் புரட்டினால் அத்தனையும் போச்சு.

அப்புறம் அதே புரோக்கர், "மேட்டைச் சமன்படுத்தித் தருகிறேன், செம்மண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்று வருவார். உங்கள் மண்ணை உங்கள் நிலத்துக்குள்ளேயே வரப்புக்கோ பள்ளம் நிரப்பவோ போடுங்கள், பரவாயில்லை. ஒரு லாரி வெளியே போனாலும் அது கனிமம்; அனுமதி வேண்டும், லாரியோடு போகும் நடைச்சீட்டு வேண்டும். காசு வாங்காமல் கொடுத்தேன் என்றாலும் அதே கதைதான். லாரி பிடிபட்டால் அவர் மறைந்துவிடுவார், விசாரணைக்கு நீங்கள்தான் அலைய வேண்டும்.

1781-லேயே சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் குறித்துவைத்த இடம், 1940-ல் பூங்காவானது. வேலிக்குள் ஒரு சில்லைக்கூடத் தொடக் கூடாது. வேலிக்கு வெளியே அதே ஆற்றுப் படிவுதான், கேட்கத்தான் நாதியில்லை! இது போன்ற புவியியல் மரபிடங்களைப் பாதுகாக்கவென 2022-ல் ஒரு சட்ட வரைவை வெளியிட்டார்கள், வரைவாகவே கிடக்கிறது. அதற்குள் எத்தனை மரங்கள் பளபளவென்று மெருகேறி யார் வீட்டு வரவேற்பறைக்குப் போகுமோ!

சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். கல்லின் மேல் அளக்கும் டேப்பை வைத்துப் போட்டோ எடுங்கள். சர்வே எண்ணோடு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் சென்னை அலுவலகத்துக்கும் உங்கள் விஏஓவுக்கும் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். புரோக்கர் மறுபடி வந்தால் அந்த நகலைக் காட்டுங்கள்.