பல வருடம் நின்றுபோன பழைய பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டரை வீட்டிலேயே சரிசெய்து டியூன் பண்ண முடியுமா?

தாராளமாக முடியும். டூ ஸ்ட்ரோக் சேட்டக் இஞ்சினில், ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோல் வால்வு, கேம், செயின் எதுவும் கிடையாது. 57 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 57 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 145.45 சிசி, பிரித்தால் முக்கிய பாகங்களைப் பத்து விரலுக்குள் எண்ணிவிடலாம். ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ஸ்லோவில் நிற்கவில்லை என்றதும் எல்லோரும் திருப்புளியோடு கார்புரேட்டருக்குத்தான் போகிறார்கள். பாவம், அது செய்யாத தப்புக்கெல்லாம் அடி வாங்குகிறது. முதலில் பிளக்குக்கு வரும் கரண்ட், அடுத்து காற்றுக் கசிவு, பிறகு சைலன்சர். ஸ்க்ரூவைத் திருப்புவது கடைசி வேலை.

ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டி என்றால் எடுத்ததும் கிக்கரை உதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, துளை வழியாக 10 மில்லி டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்கான ஆயில்) விட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாள் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அசையவில்லை என்றால் பிஸ்டன் ரிங் துருப்பிடித்து போரோடு ஒட்டியிருக்கிறது. ஏறி மிதித்தால் ரிங் உடையும், போரும் கீறும். ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றித்தான் ஆக வேண்டும்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் முழுவதையும் வடித்துவிடுங்கள். உள்ளே துரு தெரிந்தால் டேங்கை இறக்கி, சின்னச் சின்ன நட்டுகளும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கிக் கழுவலாம் (போட்ட நட்டுகளை எண்ணி வையுங்கள், எடுக்கும்போது கணக்கு சரியாக வர வேண்டும்). பெட்ரோல் பைப்பை யோசிக்காமல் மாற்றுங்கள். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், நாள்பட்டால் ஈரத்தையும் இழுக்கும்.

கரண்ட் பார்க்க, பிளக்கை மூடியில் சொருகி அதன் உடம்பை சிலிண்டர் இரும்பில் தொடவைத்து உதையுங்கள். பிளக் துளைக்கு அருகே வைக்காதீர்கள். அதில் பெட்ரோல் ஆவி பீய்ச்சும், பற்றிக்கொள்ளும். சட் சட்டென்று நீலமாக வெட்டினால் நல்லது, மஞ்சளாக மினுங்கினால் போதாது. பிளக் இடைவெளி 0.6 மி.மீ. இந்த இஞ்சினுக்கு 14 மி.மீ. நூல், 12.7 மி.மீ. நீளமுள்ள குட்டை பிளக்தான். பைக்கின் நீள பிளக்கைப் போட்டால் பிஸ்டனில் இடிக்கும்.

பாயிண்ட் (கரண்டை வெட்டிவிடும் சின்னத் தொடுமுனை) வைத்த மாடல் என்றால் மேக்னட்டில் (காயிலைச் சுற்றி ஓடும் காந்தச் சக்கரத்தில்) இருக்கும் ஜன்னல் வழியாகவே பாயிண்ட் தெரியும். அது அதிகபட்சம் திறக்கும் இடத்துக்கு மேக்னட்டைச் சுற்றி, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு 0.4 மி.மீ. வையுங்கள். முகம் கருகியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு, பிறகு பெட்ரோல் நனைத்த துணியால் துடைப்பு. தேய்த்த சில நாளிலேயே மறுபடி கருகினால் குற்றவாளி கண்டென்சர். கரண்ட் சுத்தமாக இல்லை என்றால், காயிலைச் சந்தேகப்படும் முன் சுவிட்சுக்குப் போகும் கட் ஒயரைக் (இஞ்சினை அணைக்கும் ஒயர்) கழற்றிவிட்டு உதைத்துப் பாருங்கள். பழைய ஒயர் பாடியில் உரசி எர்த் ஆகியிருப்பது சர்வ சாதாரணம்.

இனி காற்றுக் கசிவு. கார்புரேட்டர் இஞ்சின் கேஸின் மேல் நேராக உட்காருகிறது, இரண்டு நட் பிடித்திருக்கிறது. பலமாக முறுக்கி முறுக்கி அடித்தகடு வளைந்துபோயிருக்கும். கண்ணாடி மேல் வைத்து ஆட்டினால் தெரியும். ஆடினால் கண்ணாடியில் உப்புத்தாளைப் பரப்பி, எட்டுப் போடுகிற மாதிரி தேய்த்துச் சமமாக்கி, புது கேஸ்கெட் போடுங்கள். ஒன்று முக்கியம்: கார்புரேட்டரைத் தூக்கியதும் கீழே தெரியும் துளையில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். இந்த இஞ்சினில் தனி வால்வு இல்லை, கிராங்கின் (பிஸ்டன் சுழற்றும் தண்டின்) வட்டமே பெட்ரோல் வழியைத் திறந்து மூடுகிறது. ஒரு மணல் துணுக்கு விழுந்தாலும் அந்த முகம் கீறும், அப்புறம் எந்த டியூனிங்குக்கும் வண்டி அடங்காது.

கிராங்கின் இருபுறமும் உள்ள ஆயில் சீல் இரண்டும் இந்தக் கசிவுக் கணக்கில்தான் சேரும். மேக்னட் பக்க சீல் போனால் வெளிக்காற்று உள்ளே போய், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இஞ்சின் கத்திக்கொண்டே இருக்கும். அப்படியே ஓட்டினால் சீஸ் ஆகும், அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிவிடும். புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு மேக்னட்டைக் கழற்றுங்கள், சுத்தியலால் தட்ட வேண்டாம். உள்ளே காயில் தட்டு கறுப்பாக ஈரம் கோத்திருந்தால் சீல் போய்விட்டது. வெளியிலிருந்தே மாற்றலாம். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை இஞ்சின் உறிஞ்சும்: சூடான பிறகும் வெள்ளைப் புகை குறையாது, கியர் ஆயில் மட்டம் மட்டும் குறையும். அதற்கு இஞ்சினைப் பிளக்க வேண்டும், பழகாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. கியர் ஆயில் எஸ்ஏஇ 30, சுமார் 250 மில்லி. கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் முங்கியிருக்கிறது.

பிக்கப் மட்டும் இல்லை, மேட்டில் திணறுகிறது என்றால் சைலன்சரும் எக்சாஸ்ட் துளையும் கார்பனால் அடைத்திருக்கும். பிஸ்டன் துளையை மூடி நிற்கும்படி மேக்னட்டைச் சுற்றி வைத்துக்கொண்டு மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். சைலன்சரைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறவைக்கலாம், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அதே தண்ணீரில் ஹெட்டைப் போட்டால் அலுமினியத்தை அரித்துவிடும். சிலிண்டரைக் கழற்றினால் திரும்பப் போடும்போது பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்சாஸ்ட் பக்கம் இருக்கட்டும். ரிங்கின் வாய், பள்ளத்தில் இருக்கும் பின்னில் உட்கார வேண்டும்.

இப்போது கார்புரேட்டர். சோக் போட்டால் ஓடி, எடுத்ததும் அணைந்தால் ஸ்லோ ஜெட் அடைப்பு. ஸ்லோவில் நின்று, ஆக்சிலேட்டரை முறுக்கியதும் அடங்கினால் மெயின் ஜெட் அடைப்பு. பெட்ரோல் வழிந்துகொண்டே இருந்தால் ஃப்ளோட் நீடில். ஜெட்டை ஒயரின் ஒற்றைச் செம்பு இழையால் குத்தி, காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசி விட்டால் துளை பெரிதாகிவிடும். (ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு உதைக்கும் நம்மூர்ப் பழக்கம் தெரியும்தானே? சோக் கேபிளும் ஸ்லோ ஜெட்டும் ஒழுங்காக இருக்கும் வண்டிக்கு அது தேவையே இல்லை.)

பத்து நிமிடம் ஓட்டி இஞ்சினைச் சூடாக்குங்கள். பின்பக்க மிக்ஸர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறவுங்கள். மேலே உள்ள ஸ்லோ ஸ்க்ரூவால் வேகத்தைக் கொஞ்சம் தூக்கி, மிக்ஸரைக் கால் சுற்று கால் சுற்றாக இருபுறமும் திருப்பி, இஞ்சின் எங்கே சீராக, வேகமாக ஓடுகிறதோ அங்கே விட்டுவிட்டு ஸ்லோவைக் குறையுங்கள். பைக் மெக்கானிக்குகள் சறுக்கும் இடம் இது. பல பைக்குகளில் ஏர் ஸ்க்ரூவை வெளியே திருப்பினால் காற்று கூடும். இதில் வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். எங்கே திருப்பினாலும் மாற்றமே இல்லை என்றால் ஸ்லோ ஜெட்டையும் கசிவையும் மறுபடி பாருங்கள்.

ஆயில் லிட்டருக்கு 20 மில்லி டூ டி, அதாவது 5 லிட்டருக்கு 100. ரிங் புதிது என்றால் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு 30 ஆக்கலாம். கேனில் கலந்து ஊற்றுங்கள். பைக்குக்கு ஊற்றும் ஃபோர் ஸ்ட்ரோக் ஆயில் ஆகாது, பிளக் அடைக்கும். "பாதுகாப்புக்கு" என்று அள்ளி ஊற்றினால் கார்பன்தான் மிச்சம். ஜெட் வழியாகப் போகும் பெட்ரோலின் பங்கும் குறையும்.

ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி, வேகத்தில் இருக்கும்போதே கிளட்ச்சைப் பிடித்து இஞ்சினை அணைத்துப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி பால் காப்பி நிறத்தில் இருந்தால் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். வெளுத்துப் புள்ளி புள்ளியாக இருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு, கார்புரேட்டர் அடியையும் மேக்னட் பக்க சீலையும் முதலிலிருந்து பாருங்கள்.