பழைய ராக் கிட்டார், மேடை, சத்தம்: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

ராக் கிட்டார்காரங்களை எடை போடணும்னா ஸ்டுடியோ ஆல்பத்தை வச்சு போடாதீங்க, லைவ் ரெக்கார்டிங்கை வச்சு போடுங்கன்னு போன வாரம் ஒரு வார்த்தை விட்டேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன். பெரும்பாலும் 1967-ல இருந்து 75 வரைக்கும் தான் நம்ம ஏரியா, 80-கள் ஹேர் மெட்டல் எல்லாம் வேற ஆள் கிட்ட கேட்டுக்கங்க.

கேள்வி: அண்ணா, ஸ்டுடியோல சுத்தமா எடுத்த பாட்டு இருக்கறப்போ எதுக்கு அம்பது வருஷத்துக்கு முன்னாடி இரைச்சலோட எடுத்த லைவ்? வெறும் நாஸ்டால்ஜியா தானே?

நாஸ்டால்ஜியான்னா அன்னிக்கு அங்க இருந்தவங்களுக்குத் தானே தம்பி இருக்கணும், இப்ப இதைக் கேக்கறவங்கள்ல பாதி பேரு அப்ப பொறக்கவே இல்லையே. விஷயம் வேற. டீப் பர்ப்பிள் பேண்டோட 'ஸ்பேஸ் ட்ரக்கின்' ஸ்டுடியோல நாலரை நிமிஷம், அதே பாட்டு 1972 ஆகஸ்ட்ல ஜப்பான்ல வாசிச்சு 'மேட் இன் ஜப்பான்' ஆல்பத்துல வந்தப்போ கிட்டத்தட்ட 20 நிமிஷம். ஆல்மன் பிரதர்ஸ் 1971 மார்ச்ல நியூயார்க்ல ஃபில்மோர் ஈஸ்ட்ங்கற அரங்கத்துல வாசிச்ச 'விப்பிங் போஸ்ட்' 23 நிமிஷம், எல்பி ரெக்கார்டுல ஒரு பக்கம் முழுக்க அது ஒண்ணு தான். இந்த நீளம் சும்மா இழுத்தது இல்ல, பாட்டு எங்க முடியும்னு வாசிக்கறவங்களுக்கே தெரியாது, பேண்டோட ரெண்டு கிட்டார்காரங்கள்ல டுவேன் ஆல்மன் ஒரு சின்ன வரி வாசிப்பாரு, டிக்கி பெட்ஸ் அதைப் புடிச்சு வேற எங்கயோ கொண்டு போவாரு, பின்னாடி ரெண்டு டிரம்மரும் காதைத் தீட்டிக்கிட்டு நிப்பாங்க, யாராவது ஒருத்தர் கவனிக்காம விட்டா மொத்தமும் கவுந்துரும். கவுந்துருமோங்கற அந்த பயம் கேக்கற நமக்கும் ஒட்டிக்குது பாருங்க, அதுக்குத் தான் கேக்கறேன். இன்னிக்கு பெரிய மேடைகள்ல நிறைய பேரு காதுல தாளம் தவறாம இருக்க 'டிக் டிக்'னு க்ளிக் ட்ராக் ஓடும், லைட்டும் வீடியோவும் அதோட கட்டியிருக்கும், நாலு தாளக்கட்டு எக்ஸ்ட்ரா வாசிக்கணும்னு ஆசை வந்தாலும் முடியாது.

அதுக்காக நீளமா இருக்கறது எல்லாம் தங்கம்னு சொல்ல வரல. அந்தக் காலத்து டிரம் சோலோல பாதி, எந்திரிச்சுப் போய் டீ போட்டுட்டு வரலாம்.

கேள்வி: என் ப்ராக்டிஸ் ஆம்ப்ல (கிட்டார் சத்தத்தைப் பெருக்கற ஆம்ப்ளிஃபையர்) என்ன பண்ணாலும் அந்த நீளமா அழுவுற நோட் வரமாட்டேங்குது. அமெரிக்க கிட்டார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எப்படி நிறுத்தாம இழுத்தாரு? காலால அமுக்கற எஃபெக்ட் பெடலா?

பெடலும் இருந்துச்சு, ஆனா முக்கியமான காரணம் சத்தம். கல்யாண மண்டபத்துல மைக்கை ஸ்பீக்கர் பக்கத்துல கொண்டு போனா 'கீ'ன்னு கத்தும்ல, அதே தான். கம்பி அதிருது, கிட்டார்ல கம்பிக்கு அடியில இருக்கற பிக்கப் அதை எடுத்து ஆம்புக்கு அனுப்புது, ஸ்பீக்கர் காத்தைத் தள்ளுது, அந்தக் காத்து போய் மறுபடி கம்பியையே ஆட்டுது, ஆக நோட் சாகவே மாட்டேங்குது. மண்டபத்துல கத்தறது தொல்லை, இவங்க அதையே வாத்தியமா ஆக்கிட்டாங்க. ஆம்ப்ல இருந்து ஒரு அடி தள்ளி நின்னா ஒரு சுரம், கொஞ்சம் திரும்பி நின்னா வேற சுரம், ஹெண்ட்ரிக்ஸ் மேடைல அங்கயும் இங்கயும் நடக்கறது பாதி ஷோ, பாதி இந்த எடம் தேடறது தான். இதுக்கு பெரிய ஆம்ப் வேணும். த ஹூ பேண்ட்ல பீட் டவுன்ஷெண்டும் பேஸ் கிட்டார் வாசிக்கற ஜான் என்ட்விஸிலும் இன்னும் சத்தம், இன்னும் சத்தம்னு லண்டன்ல கடை வச்சிருந்த ஜிம் மார்ஷல் கிட்ட போய் நச்சரிச்சதுல தான் 100 வாட் மார்ஷல் ஆம்ப் வந்துச்சு. அதுக்கு டவுன்ஷெண்ட் காதாலயே விலை கொடுத்தாரு, பல வருஷமா காதுல இரைச்சல். அதனால உங்க ரூம்ல முயற்சி பண்ணாதீங்க, காந்தத்தால கம்பியை அதிர வைக்கற இ-போ மாதிரி கருவி ஒண்ணு வாங்கிக்கங்க.

கேள்வி: வுட்ஸ்டாக் இசை விழால ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதம் வாசிச்சது அவ்ளோ பெரிய விஷயமா? எனக்கு வெறும் சத்தமா தான் கேக்குது.

முதல்ல அந்தக் காலையைக் கற்பனை பண்ணுங்க. 1969 ஆகஸ்ட் 18, திங்கக்கிழமை. விழா ஞாயித்துக்கிழமையே முடிஞ்சிருக்கணும், மழை, சேறு, எல்லாம் தள்ளிப் போய் இவரு மேடை ஏறும்போது விடிஞ்சு ரொம்ப நேரமாச்சு, நாலு லட்சம்னு சொல்ற கூட்டத்துல பெரும்பகுதி வீட்டுக்குக் கிளம்பிப் போயாச்சு. வியட்நாம் போர் நடந்துட்டு இருக்கு. வாசிக்கற ஆளு ஒரு காலத்துல அமெரிக்க ராணுவத்தோட 101-வது வான்வழிப் படைப்பிரிவுல பாராசூட்ல குதிச்சவரு. இப்ப திரும்பக் கேளுங்க. கீதத்துல ராக்கெட், குண்டுன்னு வரி வர்ற எடத்துல மெட்டை விட்டுட்டு சுரத்தை ஏத்தி இறக்கற ட்ரெமலோ கைப்பிடியை அமுக்கி அமுக்கி அந்த குண்டையே போடறாரு, விமானம் சரிஞ்சு விழுது, அலறல் கேக்குது, நடுவுல செத்த சிப்பாய்க்கு ஊதற 'டாப்ஸ்' மெட்டு ரெண்டு வரி எட்டிப் பாக்குது, அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி கீதத்துக்குத் திரும்பிடறாரு. வாயால ஒரு வார்த்தை இல்ல.

ஆனா என்னைக் கேட்டா இதை விட பெருசு 1970 ஜனவரி 1 ஃபில்மோர் ஈஸ்ட்ல வாசிச்ச 'மெஷின் கன்'. பில்லி காக்ஸ் பேஸ், படி மைல்ஸ் டிரம்ஸ். சோலோ ஆரம்பிக்கறப்போ ஒரே ஒரு நோட்டைப் புடிச்சு விடாம நிக்கறாரு பாருங்க, அதைக் கேட்டுட்டு வாங்க, அப்புறம் சத்தமா இசையான்னு பேசலாம்.

கேள்வி: கிட்டாரை உடைக்கிறது, எரிக்கிறது எல்லாம் திமிரு தானே சார்? ஒரு கிட்டார் வாங்க நாங்க எவ்ளோ கஷ்டப்படறோம்.

வயிறு எரியுது, ஒத்துக்கறேன். ஆனா ஆரம்பம் திமிரு இல்ல. 1964-ல லண்டன் பக்கம் ரயில்வே டாவர்ன்னு ஒரு பப், மேல்தளம் தாழ்வு, டவுன்ஷெண்ட் கிட்டாரைத் தூக்கினதுல தலைப்பகுதி இடிச்சு உடைஞ்சிடுச்சு, கூட்டத்துல சிரிக்கவும், வேணும்னே பண்ண மாதிரி மிச்சத்தையும் போட்டு உடைச்சிட்டாரு. அப்புறம் ஜனங்க அதையே எதிர்பாக்க ஆரம்பிச்சாங்க. 1967 ஜூன்ல மான்டெரி விழால யாரு முதல்லங்கற சண்டைல காசு சுண்டிப் பாத்து த ஹூ முதல்ல ஏறிட்டாங்க, கிட்டாரும் உடைஞ்சாச்சு. அப்புறம் வர்ற ஹெண்ட்ரிக்ஸ் என்ன தான் பண்ணுவாரு, தீ வச்சிட்டாரு. எனக்கு அந்த நெருப்பை விட அதுக்கு முன்னாடி நாப்பது நிமிஷம் வாசிச்சது தான் பிடிக்கும்.

கேள்வி: இந்த லைவ் ஆல்பம் எல்லாம் நிஜமாவே லைவ் தானா?

பாதி பாதி. தின் லிஸ்ஸி பேண்டோட 1978 லைவ் ஆல்பத்துல நிறைய பகுதி ஸ்டுடியோல திரும்ப வாசிச்சதுன்னு தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி சொன்னாரு, பேண்ட் ஆளுங்க இல்லன்னாங்க, சண்டை இன்னும் முடியல. நேர்மையான ஆல்பம் வேணும்னா த ஹூவோட 'லைவ் அட் லீட்ஸ்'. 1970 பிப்ரவரி 14, லீட்ஸ் பல்கலைக்கழக மாணவர் சாப்பாட்டுக் கூடத்துல எடுத்தது. டேப்ல விழுந்த கரகர சத்தத்தைக் கூட சரி பண்ணாம, அது இருக்கட்டும், திருத்த வேணாம்னு ரெக்கார்ட் லேபிள்லயே எழுதி விட்டாங்க.

கேள்வி: இவ்ளோ நேரமா ஆம்பளைங்க பேரா தான் வருது. பொண்ணுங்க யாருமே இல்லையாண்ணா?

இருக்காங்கம்மா, இவங்களுக்கு எல்லாம் முன்னாடியே. சிஸ்டர் ரொசெட்டா தார்ப். 1964 மே மாசம் மான்செஸ்டர்ல கைவிட்ட ரயில்வே ஸ்டேஷன்ல டிவிக்காக ஒரு கச்சேரி, ஒரு பிளாட்பாரத்துல மேடை, எதிர் பிளாட்பாரத்துல ஜனங்க, நடுவுல தண்டவாளம். மழை கொட்டிட்டு இருந்ததால மழையைப் பத்தின பாட்டைத் தான் முதல்ல எடுத்தாங்க. கோட்டு போட்டுக்கிட்டு வெள்ளை கிப்ஸன் எஸ்ஜி கிட்டார்ல அவங்க அடிக்கிற சோலோ யூட்யூப்ல கிடைக்கும், இப்பவே பாருங்க. சர்ச் பாட்டு தான், ஆனா ராக் கிட்டாரோட வேர் அங்க தான் இருக்கு.

கேள்வி: நான் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவன். இந்த சோலோ எல்லாம் நம்ம ஆலாபனை மாதிரி தானே?

மனோதர்மம்ங்கற வரைக்கும் ஒண்ணு, இலக்கணம் சுத்தமா வேற, ப்ளூஸ் ஸ்கேல்ல ராகம் தேடாதீங்க. நிஜமான தொடர்பு வேணும்னா ஜான் மெக்லாக்லின், ஜாஸ் பக்கத்து ஆளு தான், இருந்தாலும் எல். சங்கர் வயலின், விக்கு விநாயக்ராம் கடம், ஜாகிர் உசேன் தபலான்னு சக்தி குழு ஆரம்பிச்சவரு. 1975-ல பதிவு பண்ணி 1976-ல வந்த முதல் ஆல்பமே லைவ். ஃப்ரெட்டுக்கு (கிட்டார் கழுத்துல குறுக்கே இருக்கற உலோகப் பட்டை) நடுவுல மரத்தைக் குழியாக் கடைஞ்ச கிட்டார் வச்சிருந்தாரு, விரல் மரத்துல படாது, கம்பியை நல்லா இழுத்து கமகம் புடிக்கலாம். டீப் பர்ப்பிள் ரிச்சி பிளாக்மோரும் இப்படி கடைஞ்சு தான் வாசிச்சாரு.

கேள்வி: இவங்கள்ல உயிரோட இருக்கறவங்களுக்கு எல்லாம் 80 வயசு பக்கம். இப்ப போய் காசு கொடுத்துப் பாக்கணுமா?

ஆளைப் பொறுத்தது. விரல் வேகத்தை நம்பினவங்க வயசானா சிரமம். பிங்க் ஃப்ளாய்ட் பேண்டோட கிட்டார்காரர் டேவிட் கில்மோர் மாதிரி நாலு நோட்டுல வேலையை முடிக்கறவங்களுக்குப் பிரச்சினையே இல்ல, 1946-ல பொறந்தவரு 2024-ல ரோம் சர்க்கஸ் மாக்சிமஸ்ல ஆறு ராத்திரி வாசிச்சாரு. 1980-ல பிங்க் ஃப்ளாய்டோட 'த வால்' கச்சேரில 40 அடி சுவர் உச்சில நின்னு 'கம்ஃபர்டப்ளி நம்ப்' சோலோ வாசிச்சவரு, இப்ப தரைல நின்னு வாசிக்கறாரு, அவ்ளோ தான் வித்தியாசம். குரல் தான் கொஞ்சம் தளர்ந்திருக்கு.

கேள்வி: யாரும் பேசாத ஒருத்தரைச் சொல்லுங்க.

ரோரி கல்லகர், அயர்லாந்து. 70-கள்ல வட அயர்லாந்துல தினம் குண்டு வெடிச்சுட்டு இருந்தப்போ நிறைய பேண்ட் பெல்ஃபாஸ்ட் பக்கமே போகல, இவரு மட்டும் விடாம போய் வாசிச்சாரு. 'ஐரிஷ் டூர் 74' கேளுங்க. வேர்வைல பெயிண்ட் உரிஞ்சு போன அதே பழைய ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்), கட்டம் போட்ட சட்டை, பின்னாடி லைட் ஷோ எதுவும் கிடையாது.

கேள்வி: சத்தமா வச்சா வீட்ல திட்டு விழுது. ஹெட்ஃபோன்ல கேட்டா போதுமா ப்ரோ?

போதும். லீட்ஸ் ஆல்பத்துல இருந்து ஆரம்பிங்க, கிட்டார் ஒரு காதுல, பேஸ் இன்னொரு காதுல வரும். கிட்டார் பக்கத்து காதை மட்டும் கழட்டிட்டு ஒரு தடவை கேளுங்க, என்ட்விஸில் அந்தப் பக்கம் தனியா ஒரு லீட் கிட்டாரே வாசிச்சுட்டு இருப்பாரு.