நிகியாஸின் 27 நாள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிரேக்கத் தத்துவம் படிக்க ஆசை. பிளேட்டோவில் தொடங்குவதா, அரிஸ்டாட்டிலிலா? ‘எதையும் கேள்வி கேள்’ என்பதுதானே சாக்ரடீஸின் வழி? அலுவலகத்தில் அதைத்தான் செய்கிறேன். யாராலும் என்னிடம் பேசி ஜெயிக்க முடிவதில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்,

பிளேட்டோ. அதிலும் சின்ன உரையாடல்கள். ‘லாக்கீஸ்’ ஒரே இரவில் முடிந்துவிடும்.

ஆசை நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் அலுவலகத்தில் நீங்கள் செய்வதற்குப் பெயர் வாய்ச்சண்டை. சாக்ரடீஸ் செய்தது ‘எலென்கோஸ்’. அதற்கு முறை உண்டு. எதிரில் இருப்பவர் தான் உண்மையில் நம்புவதைச் சொல்லவேண்டும்; உதாரணமாக அல்ல, வரையறையாக. பிறகு அவரே ஒப்புக்கொள்ளும் வேறு கூற்றுகளை ஒவ்வொன்றாக வாங்கவேண்டும். கடைசியில், அவையும் முதலில் சொன்னதும் சேர்ந்து நிற்கவில்லை என்று காட்டவேண்டும். அவர் ஒப்புக்கு ஒரு ‘ஆமாம்’ போட்டால் அங்கேயே எல்லாம் கெட்டது. உங்களிடம் எத்தனை பேர் அப்படிப் போடுகிறார்களோ!

‘லாக்கீஸ்’ உரையாடலில், தைரியம் என்றால் என்ன என்று தளபதி லாக்கீஸிடம் கேட்கிறார் சாக்ரடீஸ். அணியை விட்டு ஓடாமல் நின்று போரிடுவது என்கிறார் அவர். சித்தியக் குதிரைவீரர்கள் ஓடிக்கொண்டே போரிடுகிறார்களே என்கிறார் சாக்ரடீஸ். கி.மு. 479இல் பிளாட்டியாவில் ஸ்பார்ட்டாக்காரர்கள் பின்வாங்கி, பாரசீக அணி குலைந்ததும் திரும்பி அடித்து ஜெயித்தார்களே? சரி, தைரியம் என்பது மன உறுதி என்று திருத்துகிறார் லாக்கீஸ். மடத்தனமான உறுதி தைரியமல்ல என்று ஒப்புக்கொள்கிறார். சற்று நேரத்தில், முங்கத் தெரியாமல் கிணற்றில் இறங்குபவனே தெரிந்தவனைவிடத் தைரியசாலி என்றும் ஒப்புக்கொள்கிறார். மாட்டிக்கொண்டார். கவனியுங்கள், அவரை மாட்டிவிட்டது அவருடைய வாயேதான்.

இன்னொரு தளபதி நிகியாஸ். எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு வேண்டாம் என்ற அறிவே தைரியம் என்கிறார். அப்படியானால் குறிசொல்பவன்தான் தைரியசாலியா என்று லாக்கீஸ் சீண்டுகிறார். அவனுக்கு வரப்போவதன் அறிகுறி மட்டுமே தெரியும், அது வருவது ஒருவனுக்கு நல்லதா என்பது தெரியாது என்று அலட்டாமல் பதில் சொல்கிறார் நிகியாஸ். குறிசொல்பவன் தளபதிக்குக் கட்டளையிடக்கூடாது, தளபதிதான் அவனுக்கு இடவேண்டும், சட்டமே அப்படித்தான் என்று பின்னால் சாக்ரடீஸும் சொல்கிறார்.

கி.மு. 413, சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரம். ஏதென்ஸ் படை தப்பிக் கிளம்பவிருந்த இரவில் சந்திர கிரகணம். 27 நாள் பொறுக்கவேண்டும் என்றார்கள் குறிசொல்பவர்கள். படைக்குத் தளபதியாக இருந்த இதே நிகியாஸ் பொறுத்தார். படை அழிந்தது, அவரும் கொல்லப்பட்டார். பிளேட்டோ அந்த உரையாடலை எழுதியபோது ஏதென்ஸில் இதை அறியாதவர் இல்லை.

லாக்கீஸுக்கு நிகியாஸ் சொன்ன பதில் என்னவோ சரியான பதில்தான்.