இரண்டு தட்டு பெட் (PET) ஸ்கேனர்: புள்ளி ஏன் நீளுது?
பெட் ஸ்கேனர், உடம்பில் செலுத்தின கதிரியக்கப் பொருளில் இருந்து எதிரெதிரா கிளம்புற காமா கதிர் ஜோடியை டிடெக்டரில் பிடிச்சுப் படம் போடுற கருவி. பாளையங்கோட்டைத் தம்பிக்கு: 15 செ.மீ. அகலத்தில் எதிரெதிரே இரண்டு டிடெக்டர் தட்டு, நடுவே 20 செ.மீ. இடைவெளி, சிமுலேஷனில் புள்ளி அளவு கதிர்மூலம் தட்டுக்குத் தட்டு பனங்கிழங்கு மாதிரி நீளுது, ஐட்டரேஷனை, அதாவது படத்தைத் திருத்தித் திருத்திக் கணக்கிடுற சுற்றுகளை, கூட்டியும் குறையலைங்கிறீங்க. குறையாது. உங்க புரோகிராம் தப்பில்லை, கோணம் பத்தலை.

நடுப்புள்ளியில் இருந்து பார்த்தா தட்டு பிடிக்கிறது 74 டிகிரிதான்; வேண்டியது 180. மீதி 106 டிகிரிக்குத் தரவே இல்லாதப்போ மென்பொருள் என்ன செய்யும், பாவம். 10 செ.மீ.க்கு நெருக்கினா 113 டிகிரி கிடைக்கும். ஆனா ஜோடி காமா பட்ட இரு இடத்தையும் இணைக்கிற கோடுகளில் சாய்வானது கூடும், 20 மி.மீ. ஆழமுள்ள டிடெக்டர் கிரிஸ்டலில் காமா எந்த ஆழத்தில் நின்னதுன்னு தெரியாம படம் கலங்கும். ஆழம் அளக்க, கிரிஸ்டலின் இரு முனையிலும் சென்சார் வைக்கிறது ஒரு வழி.

தட்டுகளைச் சுழற்ற இடமிருந்தா அதுவே மலிவு. 0, 60, 120 டிகிரி, மூணே நிலை. நடுப்பகுதிக்கு முழுக்கோணமும் வந்துரும். முடியாதுன்னா டைம் ஆஃப் ஃபிளைட்: இரண்டு காமாவும் வந்து சேர்ற நேர வித்தியாசத்தை வச்சு, மூலம் கோட்டில் எங்கே இருக்குன்னு கணிக்கிறது. நேரத் துல்லியம் 500 பிகோசெகண்டில் (ஒரு பிகோசெகண்ட், நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) இருந்தா இட மங்கல் 7.5 செ.மீ., உங்க அளவுக்கு உதவாது. 200 பிகோசெகண்டில் 3 செ.மீ., அப்போ ஓரளவு குறையும்.

சுழற்றினா, சென்சிட்டிவிட்டி படத்தை (எந்த இடத்துக் கதிர் எவ்வளவு பிடிபடும்னு காட்டுறது) ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியா கணக்கிட்டுக் கூட்டுங்க. ஒரே நிலைக்குப் போட்டதையே வச்சா ஓரத்தில் இல்லாத வெளிச்சம் தெரியும்.