பட்டம் பெற்றும் ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை வருகிறதே, இதற்கு என்ன வழி?

நீங்கள் கேட்டிருக்கும் தொனியைப் பார்த்தால், அலுவலகத்தில் யாரோ உங்கள் மின்னஞ்சலை நாலு பேருக்குக் காட்டிச் சிரித்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். நான் மொழியியல் படித்தவன் அல்லன். ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோத்தவன். அந்தச் சிரிப்புக்குக் கூலியையே பறிகொடுத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

1994-இல் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியின் கட்டண ரசீதுப் புத்தகங்கள் எங்கள் அச்சகத்துக்கு வந்தன. நூறு தாள் வீதம் இருபது புத்தகங்கள். தலைப்பில் ‘ரிசீட்’ என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் கோத்தபோது, சி-க்குப் பின் இ, ஐ என்று வரவேண்டியதை ஐ, இ என்று மாற்றி வைத்துவிட்டேன். அச்செழுத்துகளை அடுக்கும் ஸ்டிக் என்ற கைச்சட்டத்தில் தலைகீழாக நிற்கும் எழுத்தைப் படித்துப் பழகிய என் கண்ணுக்கே அது தப்பியது. பிழை பார்ப்பதற்கான மாதிரித் தாளான புரூஃப் பள்ளிக்குப் போய், கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டுதான் திரும்பியது. பிற்பாடு மாணவர் ஒருவரின் தந்தை பிழையைச் சுட்டிக்காட்டியதும், பழி அச்சகத்தின் மேல் விழுந்து, அங்கிருந்து என் மேல் இறங்கி, தாள் செலவு முழுவதும் என் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. புரூஃபில் கையெழுத்திட்டவரிடம் ஒருவரும் ஒரு காசு கேட்கவில்லை. அது இன்றும் எனக்கு ஆறவில்லை.

அந்தக் கோபத்தில்தான் அச்சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் கிளியைக் குறிக்கும் ‘பேரட்’டின் முதலில் வரும் பி இல்லை, இலத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று படித்தவர்கள் பிறகு செருகினார்கள். அதே வேரிலிருந்து வந்த ‘டிசீட்’ மட்டும் எப்படியோ தப்பித்துக்கொண்டது. கடனைக் குறிக்கும் ‘டெட்’டில் ஒலிக்காமல் நிற்கும், பந்தைக் குறிக்கும் ‘பால்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பி-யும் இப்படி நுழைந்ததுதான். (இரண்டையும் தமிழில் பி என்றே எழுதவேண்டியிருப்பதைப் பொறுத்தருள்க.) ‘ஐலண்ட்’ கதை இன்னும் மோசம்: அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல், இலத்தீன் உறவு இருப்பதாகத் தவறாக எண்ணி எஸ்-ஐச் சேர்த்துவிட்டார்கள். பிழையே இலக்கணமாகிவிட்டது. என் பிழைக்கு மட்டும் சம்பளம் போயிற்று.

இங்கிலாந்தின் முதல் அச்சகக்காரரான காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்த பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறையத் தொடங்க, உச்சரிப்போ நிற்காமல் மாறிக்கொண்டே போனது. ‘நைட்’ என்ற வீரனின் முன்னால் நிற்கும் கே ஒரு காலத்தில் வாயில் ஒலித்த எழுத்துதான்.

தமிழில் மட்டும் ர, ற குழப்பம் இல்லையா என்று கேட்க ஒருவர் வருவார். உண்டு, ஐயா. ஆனால் எழுதியிருக்கும் தமிழ்ச் சொல்லைப் பார்த்துப் படிக்க யாரும் அவ்வளவாகத் திணறுவதில்லை.

சி-க்குப் பின் இ முதலில் என்ற விதி ‘ரிசீவ்’, ‘சீலிங்’ வரை கைகொடுக்கும். ‘சயின்ஸ்’, ‘ஸ்பீஷீஸ்’ வந்தால் கவிழ்த்துவிடும். ஆகவே விதியை நம்பாமல், நீங்கள் வழக்கமாகத் தவறும் பத்திருபது சொற்களைத் தனியே எழுதிவைத்து, அனுப்புமுன் அவற்றை மட்டும் கடைசி எழுத்தில் தொடங்கி முதல் எழுத்து வரை சரிபாருங்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் புரூஃப் பார்த்தது அப்படித்தான்.

சொல்ல மறந்தேன்: அதே ரசீதின் அடியில் ‘பெற்றுகொண்டேன்’ என்று ஒற்றில்லாமல் அச்சாகியிருந்தது. மறு அச்சிலும் அது அப்படியே போயிற்று, ஒருவரும் கேட்கவில்லை.