ஹெரேஸ் வளைவில் நடந்தது

கேள்வி: 1997-இல் ஸ்பெயினின் ஹெரேஸில் நடந்த ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் ஃபெராரி ஓட்டுநர் ஷூமாக்கர் வேண்டுமென்றா போட்டியாளர் வில்நவ் மீது மோதினார்? 'இல்லை' என்று என் தம்பி சண்டைக்கு வருகிறான்.
– வாசகர், திருச்சி

பதில்: தம்பியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் ஃபெராரி பைத்தியம்தான். ஆனால் அந்த 48-வது சுற்றைப் பலமுறை பார்த்துவிட்டேன். வில்நவ் உள்பக்கம் நுழைந்து பக்கத்தில் வந்துவிட்ட பிறகுதான் ஷூமாக்கரின் ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்புகிறது. அதைத் தடுமாற்றம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. உலகப் பட்டத்துக்கான போட்டியில் ஒரே ஒரு புள்ளி முன்னிலையோடு வந்த ஷூமாக்கர் தடத்தின் ஓரச் சரளையில் சிக்கி நின்றார். அடிபட்ட காரை மூன்றாவதாகக் கொண்டுவந்து சேர்த்த வில்நவ் பட்டத்தை எடுத்துப்போனார். அந்த ஆண்டின் புள்ளிப் பட்டியலில் ஷூமாக்கருக்குக் கிடைத்த இரண்டாமிடமும் பின்னர் பறிக்கப்பட்டது. 1994-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பந்தயத்தில் ஷூமாக்கர் இன்னொரு போட்டியாளரான டேமன் ஹில்லுடன் மோதியதைப் பற்றி வேண்டுமானால் தம்பி வாதாடட்டும். அங்கே எனக்கே சந்தேகம் உண்டு.